உயிரி எரிபொருளின் கார்பன் கணக்கை நீங்களே போடலாம்: வயலிலிருந்து டேங்க் வரை முழுமையான வழிகாட்டி

மாலை ஏழு மணி, ஒரு கார வகைக் கடையின் பின்கட்டு. பகல் முழுக்க மிக்சரும் காராசேவும் பொரித்த எண்ணெய் ஆறிப்போய் 15 கிலோ தகர டின்னில் நிற்கிறது, கருந்தேன் நிறத்தில். எடுக்க வந்த பையன் டின்னைச் சாய்த்து வலை வழியாகக் கேனில் ஊற்றினான். கருகிய கடலை மாவுத் துணுக்கும் கறிவேப்பிலைக் காம்பும் வலையில் தங்கின. எடை போட்டுச் சீட்டு எழுதும்போது கடைக்காரர் சொன்னார்: "நீங்க வர்றதுக்கு முன்னாடி இதை ரோட்டோரக் கடைக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க சார்."

எண்ணெயிலிருந்து பயோடீசலும், கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எத்தனாலும் எடுக்கும் ஆலைகளுக்குக் கார்பன் கணக்கு எழுதித் தருவது என் வேலை. அன்று நான் கொண்டுபோயிருந்த படிவத்தில் "கழிவு எண்ணெய், மூலப்பொருள் உமிழ்வு பூஜ்யம்" என்று அச்சிட்டிருந்தது. ஆனால் அந்த எண்ணெய் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை, இன்னொரு வாணலிக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது நாம் எடுத்துக்கொண்டால் அந்த ரோட்டோரக் கடைக்காரர் புதிய எண்ணெய் வாங்குவார். அது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் பாமாயிலாகத்தான் இருக்கும்.

அதனால் எந்த உயிரி எரிபொருளைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பொருள் நம்மிடம் வராமல் இருந்தால் எங்கே போயிருக்கும்? பின்னால் வரும் கூட்டல் கழித்தல் எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

படி 1: லிட்டரில் எண்ணாதீர்கள், மெகாஜூலில் எண்ணுங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21. டீசலில் 36, பயோடீசலில் 33. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலுக்குச் சாதகமாகக் கணக்கு சாய்ந்துவிடும். அதனால் 1 மெகாஜூல் எரிபொருளுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்று எழுதுவதே உலக வழக்கம். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற மற்ற வாயுக்களையும் அதற்குச் சமமான கரியமில வாயுவாக மாற்றிச் சேர்ப்பார்கள்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பெட்ரோல், டீசலுக்கு 94 கிராம் என்று வைத்திருக்கிறது. கிணற்றில் எடுப்பது, சுத்திகரிப்பது, எரிப்பது எல்லாம் அதில் அடக்கம். 2021 முதல் இயங்கத் தொடங்கிய ஆலையிலிருந்து வரும் எரிபொருள் இதைவிட 65 சதவீதம் குறைவாக, அதாவது 33 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்தியாவில் விற்பதாக இருந்தாலும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கறாரான அளவுகோல் எப்போதும் நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எத்தனாலை எரித்தாலும் புகைபோக்கியில் கரியமில வாயு வரத்தான் செய்யும். லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரும். செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததையே திருப்பிக் கொடுக்கிறது என்பதால் அதைப் பூஜ்யம் என்று எழுதுகிறோம். இந்தப் பூஜ்யம் இயற்கை விதியல்ல, கணக்கு மரபு. அந்தச் செடி புதிதாக வளர்ந்ததாக இருந்தால்தான் அது நியாயம். இல்லையென்றால் முதல் கேள்வி திரும்ப வந்து நிற்கும்.

பங்கில் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்ற பலகையைப் பார்த்து 20 சதவீதம் கார்பன் குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. கொள்ளளவில் 20 சதவீதம் என்றால் ஆற்றலில் 14 சதவீதம்தான். அந்த எத்தனால் பெட்ரோலைவிடப் பாதி உமிழ்வு கொண்டதாக இருந்தால் மொத்த எரிபொருளில் குறைவது 7 சதவீதம். 2025-ல் இந்தியா ஏறத்தாழ எட்டிய 20 சதவீதக் கலப்பு பெரிய காரியம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு கணக்காக இருக்க வேண்டும்.

படி 2: வயலில் இறங்குங்கள், யூரியா மூட்டையை எண்ணுங்கள்

வயல் என்றதும் எல்லோரும் டிராக்டர் டீசலைத்தான் முதலில் கேட்பார்கள். உண்மையான பாரம் யூரியாவில் இருக்கிறது. மண்ணில் போடும் நைட்ரஜனில் ஒரு சிறு பங்கை நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக்கி விடுகின்றன. அந்த வாயு கரியமில வாயுவைப்போல 273 மடங்கு சூடேற்றும். எவ்வளவு வெளியேறும் என்று அளந்து பார்க்க வசதியில்லாதபோது, போட்ட நைட்ரஜனில் 1 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி.

ஒரு ஹெக்டேர் கரும்புக்கு 250 கிலோ நைட்ரஜன் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 1 சதவீதம் என்றால் 2.5 கிலோ. அதை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்ற 44/28-ஆல் பெருக்கினால் 3.93 கிலோ. 273-ஆல் பெருக்கினால் 1,070 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

அந்த ஹெக்டேரில் 100 டன் கரும்பு வெட்டி, சாற்றை நேரடியாக எத்தனாலுக்கு அனுப்பினால் டன்னுக்கு 70 லிட்டர் வீதம் 7,000 லிட்டர், ஆற்றலில் 1,47,000 மெகாஜூல். ஆக, மெகாஜூலுக்கு 7 கிராம்.

இதே 250 கிலோவை மக்காச்சோளத்துக்குப் போட்டு 7 டன் விளைந்தால்? டன்னுக்கு 380 லிட்டர் வீதம் 2,660 லிட்டர், சுமார் 56,000 மெகாஜூல். மெகாஜூலுக்கு 19 கிராம். மூட்டை எண்ணிக்கை ஒன்றுதான், எண் இரண்டரை மடங்குக்கு மேல்.

யூரியா தயாரிப்பதற்கான இயற்கை எரிவாயு, பம்ப்செட்டுக்கான மின்சாரம், டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாவற்றையும் இதன்மேல் சேர்க்க வேண்டும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று போட்டுக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணறு 600 அடிக்குப் போன ஊரில் இந்த வரி கனக்கும். வாய்க்கால் பாசனத்தில் அநேகமாக இல்லாமலே போகும்.

படி 3: அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது?

மற்ற எல்லாவற்றையும் ஒரே வரியில் அடித்துப் போடக்கூடிய படி இது. காட்டை வெட்டிப் பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை நட்டால் மரத்திலும் மண்ணிலும் இருந்த கார்பன் காற்றுக்குப் போகிறது. ஐரோப்பிய முறையில் அந்த இழப்பை 20 ஆண்டுக்குப் பங்கிட்டுப் போடுவார்கள். ஹெக்டேருக்கு 100 டன் கார்பன் போனது என்று வைத்தால் கரியமில வாயுவாக 367 டன், ஆண்டுக்கு 18 டன் சொச்சம். அந்த ஹெக்டேரில் ஆண்டுக்கு 4 டன் பாமாயில் எடுத்துப் பயோடீசலாக்கினால் கிடைப்பது சுமார் 1,48,000 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள்: 124 கிராம். ஆலைப் படியை எட்டுவதற்கு முன்பே 94 தாண்டிவிட்டது.

அந்தத் தோட்டம் கரிச்சதுப்பு நிலத்தை வடித்துப் போட்டதாக இருந்தால் இன்னும் மோசம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் மக்காமல் கிடந்த தழை, நீர் வடிந்ததும் மக்கத் தொடங்கி ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 40 டன் அளவில் கரியமில வாயு விடும் என்பது ஐபிசிசி தரும் மதிப்பு. இந்தக் கணக்கில் அது 270 கிராம். 2008-ல் வந்த ஓர் ஆய்வு, மழைக்காட்டை அழித்து நட்ட பனையின் பயோடீசல் தன் கார்பன் கடனை அடைக்க 86 ஆண்டு ஆகும் என்றது. கரிச்சதுப்பு நிலமென்றால் 423 ஆண்டு. இந்தோனேசியா 2025 முதல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலக்கிறது. எந்தத் தோட்டத்து எண்ணெய் அதற்குப் போகிறது என்பதில்தான் அத்தனையும் அடங்கியிருக்கிறது.

நேரடியாகக் காட்டை வெட்டாமலும் இது நடக்கும். ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்த நிலத்தின் பயிரை எரிபொருளுக்குத் திருப்பினால், அந்த உணவைத் தர வேறெங்கோ புது நிலம் உடைபடும். இதை மறைமுக நில மாற்றம் என்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் இதற்குத் தோராய மதிப்புகள் தந்தது: தானியத்துக்கு 12 கிராம், சர்க்கரைப் பயிருக்கு 13, எண்ணெய்வித்துக்கு 55. கணினி மாதிரிகளிலிருந்து வந்த எண்கள் இவை, துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எண்ணெய்வித்து தனித்து நிற்கிறது என்பதை இவை சரியாகவே காட்டுகின்றன.

நாமக்கல்லுக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. கோழித் தீவனத்தில் மக்காச்சோளம்தான் பிரதானம். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளம் வாங்க ஆரம்பித்த பிறகு விலை ஏறிவிட்டது என்று பண்ணையாளர்கள் முறையிட்டார்கள், வரியில்லா இறக்குமதிக்கு அனுமதி கேட்டார்கள். டேங்குக்கு வராமல் இருந்தால் அந்தச் சோளம் எங்கே போயிருக்கும் என்பதற்கு அங்கே கோழிக்கொட்டகைதான் பதில்.

தரிசு நிலத்தில் வளர்த்தால் பிரச்சினையே இல்லை என்பார்கள். காட்டாமணக்கு கற்றுத்தந்த பாடத்தை நான் மறக்கத் தயாரில்லை. 2003-ல் திட்டக் குழு அமைத்த குழு பயோடீசலுக்கு அதைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டிலும் ஆயிரக்கணக்கில் கன்று நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாமல் சொன்ன விளைச்சல் வரவில்லை. அதோடு, பதிவேட்டில் தரிசு என்று இருக்கும் நிலம் உண்மையில் சும்மா கிடப்பதில்லை. ஆடு மேயும், விறகு பொறுக்குவார்கள், மழைக்குப் பின் கீரை கிள்ளுவார்கள். நிலத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஆட்டுப் புழுக்கை கிடந்தால் அது தரிசு இல்லை.

படி 4: ஆலையில் பாய்லருக்கு என்ன போடுகிறார்கள்?

ஆலைக்குள் நுழைந்ததும் நான் நேரே பாய்லர் பக்கம்தான் போவேன். எத்தனாலை வடிப்பதற்கு நீராவி வேண்டும். லிட்டருக்கு 3 கிலோ நீராவி, 1 கிலோ நிலக்கரிக்கு 5 கிலோ நீராவி என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 600 கிராம் நிலக்கரி. நம்மூர் நிலக்கரி கிலோவுக்கு 1.6 கிலோ கரியமில வாயு விடும் என்று கொண்டால், மெகாஜூலுக்கு 46 கிராம். 94-ல் பாதி இங்கேயே போய்விட்டது.

அதே ஆலை உமியை எரித்தால் இந்த வரி கிட்டத்தட்ட மறைந்துவிடும். கரும்பு ஆலையில் சக்கையே எரிபொருள். மிஞ்சும் மின்சாரத்தை விற்கவும் செய்கிறார்கள். ஆலை தானே அளக்காதபோது எடுத்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் தரும் அட்டவணையில் கரும்பு எத்தனாலுக்கு 28.6 கிராம்தான் என்பதற்குப் பெரிய காரணம் இது. 1975-ல் எத்தனால் திட்டம் தொடங்கிய பிரேசிலின் பலமும் இதே சக்கைதான்.

அடுத்து கழிவுநீர்க் குட்டை. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து (மொலாசஸ்) எத்தனால் எடுத்தால் லிட்டருக்குப் பத்து லிட்டர் அளவில் கருநிறக் கழிவுநீர் வரும், ஸ்பென்ட் வாஷ் என்பார்கள். அதைத் திறந்த குட்டையில் விட்டால் அடியில் காற்றில்லாமல் புளித்து மீத்தேன் கிளம்பும். மூடிய கலனில் விட்டு அந்த வாயுவைப் பிடித்து எரித்தால் பாய்லருக்கு அதுவே தீனி. பாமாயில் ஆலைகளுக்கு ஐரோப்பிய அட்டவணை தரும் இரண்டு எண்களைப் பாருங்கள்: கழிவுக்குட்டை திறந்திருந்தால் 75.7 கிராம், மீத்தேனைப் பிடித்தால் 51.6. குட்டையை மூடியதற்கே 24 கிராம்!

பயோடீசல் அலகுகளில் எல்லோரும் மறக்கும் ஒன்று மெத்தனால். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெத்தனால் சேர்கிறது. அது இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வந்தது. அதன் கார்பன் பயோடீசலுக்குள் புகுந்து இன்ஜினில் எரியும்போது வெளியேறுவது பூமிக்கடியிலிருந்து வந்த கார்பன், செடியினுடையதல்ல. கணக்குப் போட்டால் மெகாஜூலுக்கு 4 கிராம். மெத்தனாலைத் தயாரிக்க ஆன செலவு இதற்குமேல் தனி.

படி 5: பாரத்தைப் பங்கிடுங்கள்

மக்காச்சோளம் எத்தனாலை மட்டும் தருவதில்லை. டன்னுக்கு ஏறத்தாழ 300 கிலோ உலர்ந்த சக்கை மிஞ்சி, மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது. வியாபாரத்தில் டிடிஜிஎஸ் என்பார்கள். அதனால் அதுவரை சேர்ந்த உமிழ்வை இரண்டுக்கும் ஆற்றல் விகிதத்தில் பிரிக்க வேண்டும். எத்தனால் பக்கம் 8,000 மெகாஜூல், தீவனம் பக்கம் 5,000 என்று வந்தால் எத்தனாலின் பங்கு 62 சதவீதம். வயலின் 19, நிலக்கரியின் 46 சேர்த்து 65. அதில் 62 சதவீதம் 40 கிராம். உமி பாய்லரென்றால் 12 மட்டுமே. யூரியா தயாரிப்பும் மின்சாரமும் இன்னும் சேரவில்லை என்பதை மறக்காதீர்கள்.

விலை விகிதத்தில் பிரித்தால் வேறு எண் வரும். இரண்டில் எதைப் பின்பற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். ஒரு ஆலையின் இரண்டு அறிக்கைகளில் இரண்டு முறை இருந்தால் அதை நம்பாதீர்கள்.

"கழிவு" என்ற சொல் வரும் இடமும் இதுதான். ஐரோப்பிய விதியில் கழிவுக்கும் பயிர் எச்சத்துக்கும் சேகரிக்கும் இடம்வரை பூஜ்யம். வைக்கோலை எடுங்கள். 2022-ல் பானிபட்டில் இந்தியன் ஆயில் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்டது. பஞ்சாப், ஹரியானாவில் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே பூஜ்யம் என்று எழுதுவதில் எனக்கு மனத்தடை இல்லை, புகையும் குறையும். அதே வைக்கோல் தஞ்சாவூரில் மாட்டுக்குப் போகிறது, கட்டு கட்டி விற்கிறார்கள். அங்கே அது கழிவே அல்ல, எச்சம் என்று படிவம் சொன்னாலும் சரி.

படி 6: வண்டி வாடகை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரிய லாரியில் எரிபொருளை 300 கிலோமீட்டர் கொண்டுபோனாலும் மெகாஜூலுக்கு 1 கிராம் தாண்டுவது அரிது. கடை கடையாக ஏறி இறங்கும் குட்டி யானை வண்டிதான் கவனிக்க வேண்டியது. நாளைக்கு 80 கிலோமீட்டர் சுற்றி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடி, 200 கிலோ எண்ணெய் மட்டும் எடுத்துவந்தால் 3 கிராம் ஆகிவிடும். தெருவாரியாக நாள் ஒதுக்குங்கள். வண்டி நிறைந்து வந்தால் எண் பாதியாகும்.

படி 7: கூட்டுங்கள், கூட்டலுக்கு வெளியே நிற்பதையும் எழுதுங்கள்

பயன்படுத்திய சமையல் எண்ணெயின் பயோடீசலுக்கு ஐரோப்பிய அட்டவணை 14.9 கிராம் தருகிறது. நன்றாக நடத்தப்படும் அலகு அதற்குள் முடிக்கலாம். ஆனால் கார்பன் எண் எவ்வளவு அழகாக வந்தாலும் தண்ணீர் அதில் தெரியாது. நிதி ஆயோக்கின் 2021 வழித்திட்டமே, கரும்பிலிருந்து 1 லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் போகிறது என்கிறது. கார்பனில் கரும்பு ஜெயிக்கிறது, நிலத்தடி நீரில் தோற்கிறது. இரண்டையும் ஒரே எண்ணாக்க முயலாதீர்கள். பக்கத்துப் பக்கத்து வரியில் எழுதுங்கள்.

விளைச்சல் ஆபத்தையும் எழுதுங்கள். மழை பொய்த்துக் கரும்பு குறைந்ததும் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்த மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அதற்கு முன் ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. உணவா எரிபொருளா என்று வந்தபோது எரிபொருள் பின்வாங்கியது. அது சரியான முடிவு என்பேன். ஆனால் ஆலை ஓடாத மாதங்களுக்கும் கடன் வட்டி ஓடும், அந்த இடைவெளியில் வேறு மூலப்பொருள் உள்ளே வரும், கணக்கும் மாறும்.

படி 8: ஆதாரத்தைக் கையில் வையுங்கள்

பூஜ்யம் என்று எழுத முடிகிற பொருளுக்கு விலை ஏறும். விலை ஏறினால் புது எண்ணெயைப் பழையது என்று சொல்ல ஆசை வரும். சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்குகளைப் பற்றி 2023-ல் இந்தச் சந்தேகம்தான் எழுந்தது.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடக் கெடக் கூடும் மொத்த துருவச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடை பதிவேடு வைக்க வேண்டும், அனுமதி பெற்றவருக்கே கொடுக்க வேண்டும். 2018-ல் தொடங்கிய ரூகோ திட்டம் இப்படிச் சேரும் எண்ணெயைப் பயோடீசலுக்கு அனுப்பத்தான். அந்தக் கார வகைக் கடையில் நான் துருவச் சேர்மத்தை அளக்கும் மீட்டரை எண்ணெயில் முக்கியபோது 25-ஐத் தாண்டிக் காட்டியது. அந்த எண்ணெய் இன்னொரு வாணலிக்குப் போயிருக்கவே கூடாது. ஆகவே பூஜ்யத்தை அடிக்கவில்லை. ஆனால் "முன்பு மறுபொரிப்புக்கு விற்கப்பட்டது" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீங்களும் ஒவ்வொரு கடைக்கும் மூன்று எண்களை ஒரே சீட்டில் கேளுங்கள்: மாதம் வாங்கும் புது எண்ணெய், கொடுக்கும் பழைய எண்ணெய், மீட்டர் காட்டிய அளவு. வாங்கிய எண்ணெயில் பெரும்பகுதி முறுக்கோடும் மிக்சரோடும் போய்விடும். மாதம் 100 கிலோ வாங்கி 90 கிலோ திருப்பித் தருகிறேன் என்று ஒரு கடை சொன்னால் அந்தக் கடையில் பலகாரம் பொரிக்கவில்லை. ஆலையில் உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பாய்லர் எரிபொருள் ரசீதுகளை மாதவாரியாகக் கோத்துவையுங்கள். உமி விலை ஏறி நவம்பரில் நிலக்கரிக்கு மாறிய ஆலைக்கு அக்டோபரில் போட்ட எண் செல்லாது. அந்த மாதத்துக்கு நான்காம் படியிலிருந்து மறுபடி போடுங்கள்.